காய்கறியை அரைத்து ஒளித்துக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. காய் கண்ணில் பட்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். இரண்டு மாதமாகப் பரங்கிக்காய், கேரட் இரண்டையும் வேகவைத்து அரைத்து, பருப்பிலும் சப்பாத்தி மாவிலும் கலந்து கொடுக்கிறேன். தெரியாமல் சாப்பிடுகிறான். இப்போது உள்ளங்கை மஞ்சளாகத் தெரிகிறது. அரைத்தால் சத்து போய்விடும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு தாய், ரங்கூன்

பதில்: முதலில் அந்த மஞ்சளைக் கவனிப்போம். பகல் வெளிச்சத்தில் பிள்ளையை ஜன்னலருகே நிறுத்தி, கீழிமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். விழியின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி மட்டும் மஞ்சளாக இருந்தால், பரங்கியிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டின் தோலில் தங்கியிருக்கிறது. ஆபத்தில்லை. இரண்டையும் குறைத்துச் சுரைக்காய், காலிஃபிளவர் என்று மாற்றுங்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ மறைந்துவிடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால், அல்லது சிறுநீர் அடர் நிறத்தில் போனால், அது காமாலையாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அரைப்பதால் சத்து பெரிதாகப் போவதில்லை. வடிகட்டாத வரை நார்ச்சத்தும் அப்படியே இருக்கும். சத்து போவது, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டும்போதுதான். அதனால் ஆவியில் வேகவையுங்கள். தோல் சீவிய அரை கிலோ பரங்கியை 2 செ.மீ. துண்டுகளாக்கி இட்லிப் பானையில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூடாக அரைத்தால் ஆவி மிக்ஸி மூடியைத் தள்ளித் தெறிக்கும். தண்ணீர் சேர்க்காதீர்கள். மாவு கையில் ஒட்டி, சப்பாத்தி தேய்க்க வராமல் போவதற்குப் பெரும்பாலும் விழுது நீர்த்திருப்பதுதான் காரணம். 2 கப் கோதுமை மாவுக்கு முக்கால் கப் கெட்டி விழுது போதும். தேவைப்பட்டால் மட்டும் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் விடுங்கள். வெந்த பருப்பு 1 கப்புக்குக் கால் கப் விழுது சேர்த்தால் ருசி மாறாது. கரோட்டின் உடலில் சேர எண்ணெய் வேண்டும், ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டுத் தாளியுங்கள். உருளைக்கிழங்கை மட்டும் மிக்ஸியில் போடாதீர்கள், பசையாகிவிடும், கையால் மசியுங்கள்.

விழுது ஃப்ரிட்ஜில் 2 நாள் தாங்கும், ஐஸ் தட்டில் உறையவைத்தால் ஒரு மாதம். ஆனால் நம் ஊரில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. ஒரு கிளாஸ் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, மேலே ஒரு கோலிக்குண்டை வையுங்கள். குண்டு அடியில் கிடந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, விழுதைக் கொட்டிவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் மாதங்களில் அன்றன்றைக்கு அரைப்பதே மேல்.

ஒளித்துக் கொடுப்பது தவறில்லை. அதோடு நின்றுவிடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. காயின் உருவமும் மணமும் பழகாத பிள்ளை பத்து வயதிலும் ஒதுக்கத்தான் செய்யும், மென்று தின்னவும் பழகாது. எந்தக் காயை அரைத்துச் சேர்க்கிறீர்களோ, அதிலேயே விரல் நுனியளவு வெந்த துண்டு ஒன்றைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். "சாப்பிடு" என்று சொல்ல வேண்டாம். தொட்டுவிட்டு விட்டாலும் சரிதான். ஒரு புதுக் காயை ஏற்கப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம்; பல வீடுகளில் மூன்றாம் தடவையே கைவிட்டுவிடுகிறார்கள். "இதில் என்ன இருக்கு?" என்று அவன் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் பருப்பையும் சேர்த்து ஒதுக்கிவிடுவான்.

ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கிறானா என்று பாருங்கள். பாலில் வயிறு நிறைந்தால் பசியிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். காய் விழுது அந்தக் குறையை ஈடுகட்டாது. முட்டை, மீன், பருப்பு தனியாக வேண்டும். கீரையோ பருப்போ கொடுக்கும்போது கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

எடை ஏறாமல் நின்றாலோ, கெட்டியான எதை வாயில் வைத்தாலும் குமட்டினாலோ, விழுங்கும்போது அடிக்கடி இருமினாலோ, குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பழைய எடைக் குறிப்புகள் இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள்.