கிராமங்களை இடம் மாற்றினால் கிளர்ச்சி அடங்குமா?

கேள்வி: மலாயாவில் பலித்த கிராம இடமாற்ற முறை மிசோரமில் ஏன் பலிக்கவில்லை?

பதில்: பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மலாயாவில் (இன்றைய மலேசியத் தீபகற்பம்) 1950-இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த இடமாற்றத் திட்டம், காட்டோரம் வாழ்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் புதுக் கிராமங்களில் குடியமர்த்தியது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போகக்கூடாது என்பதே முதல் நோக்கம். கட்டாயம்தான், கொடுமையும்கூட. ஆனால் பள்ளி, மருந்தகம், உள்ளூர்த் தேர்தல், 1957-இல் விடுதலை என்று அடுத்தடுத்து வந்தன. ரப்பர் தோட்ட வேலையும் பலருக்குத் தொடர்ந்தது.

இன்றைய மிசோரமான மிசோ மலையில் கதை வேறு. தனிநாடு கேட்ட மிசோ தேசிய முன்னணியின் கிளர்ச்சியை அடக்க, 1967-இல் ஊர்களைச் சாலையோரம் குவித்தார்கள். ஜூம் சாகுபடி (காட்டை வெட்டி எரித்து இடம் மாற்றிப் பயிரிடும் முறை) செய்த சரிவுகள் எட்டாத தொலைவாயின. விளைச்சல் சரிந்து, மக்கள் ரேஷனை நம்பி நின்றார்கள். மூங்கில் பூத்து, எலிகள் பெருகிப் பயிரை அழித்ததால் வந்த 1959 பஞ்சத்தில் போதிய உதவி கிடைக்காத கோபம் ஏற்கெனவே இருந்தது. 1966 மார்ச்சில் ஐஸ்வால்மீது விமானப் படை குண்டு வீசியது அதை ஆறாப் புண்ணாக்கியது. இவ்வளவுக்கும் பிறகு முள்வேலி எப்படி நம்பிக்கை தரும்?

தீர்வு, இந்திய அரசும் மிசோ தேசிய முன்னணியும் செய்த 1986 ஜூன் 30 ஒப்பந்தத்தில்தான் வந்தது: ஆயுத ஒப்படைப்பு, மறுவாழ்வு, மாநிலத் தகுதி. நிலத்துக்கும் வழக்கச் சட்டத்துக்கும் அரசியலமைப்பின் 371-ஜி பிரிவு பாதுகாப்புத் தந்தது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய லால்டெங்காவே முதலமைச்சரானார்.