38 நாள் இ.எல்., 30-க்கு மேல் காலாவதி என்கிறார்களே?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டராக ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ராஜினாமா கொடுத்திருக்கிறேன், ஜூலை 15-ல் ரிலீவ் ஆகிறேன். போன டிசம்பர் கடைசியில் என் கணக்கில் 38 நாள் இ.எல். (வேலை பார்த்த நாளுக்குச் சேரும் சம்பள லீவு) இருந்தது, 30-க்கு மேல் காலாவதி என்று 8 நாளைக் கழித்துவிட்டார்கள். 2025-ல் வேலை பார்த்த 271 நாளுக்கு 13 நாள் வரவு. இந்த ஜனவரி 19 முதல் 27 வரை எடுத்த லீவுக்கு 9 நாள் கழிவு. ஆக 34 நாள்தான் பாக்கி, அதிலும் 30 நாளை நோட்டீஸ் காலத்துக்குச் சரிக்கட்டிவிட்டோம் என்று ஒரு தாளை நீட்டி கையெழுத்து கேட்கிறார் ஹெச்.ஆர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்தத் தாளில் ஏறக்குறைய எல்லா வரியும் தப்பு.

முதலில் அந்த 271. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு, இது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவிலும் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 32-வது பிரிவிலும் அப்படியே இருக்கிறது (முன்பு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், இப்போது 180 போதும்). 271-ஐ 20-ஆல் வகுத்தால் 13.55. அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் முழு நாளாகக் கணக்கிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஆக 14.

ஜனவரி 25 ஞாயிறு, 26 குடியரசு தினம். லீவுக்கு நடுவிலோ ஓரத்திலோ வரும் விடுமுறையை லீவில் கழிக்கக் கூடாது, எனவே கழிவு 9 இல்லை, 7. இந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர், ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நாள்தானே என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்து 8 நாள் காலாவதி. அடுத்த வருடத்துக்கு 30 நாளுக்கு மேல் கொண்டுபோக முடியாது என்பது உண்மைதான், ஆனால் ஹெச்.ஆர். அந்த விதியின் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். முறைப்படி கேட்டு, கொடுக்க மறுத்த லீவுக்கு அந்த 30 நாள் வரம்பே கிடையாது. போன வருடம் மே மாதம் குலதெய்வக் கோயில் திருவிழாவுக்கு 10 நாள் லீவு கேட்டு, “டிஸ்பேட்ச் இருக்கு, இப்ப முடியாது” என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் பதில் போட்டதாகக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கேஸே அதில்தான் நிற்கிறது. அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள், மெசேஜை அழிக்காதீர்கள். லீவு கேட்டது பதினைந்து நாள் முன்னதாக என்பது தேதியோடு தெரிந்தால் இன்னும் பலம். அது இல்லாவிட்டாலும், புதிய சட்டப்படி 30-க்கு மேல் சேர்ந்த நாளைக் காசாக்கிக்கொள்ளலாம், நீங்கள் சொல்லும் டிசம்பர் அந்தச் சட்டம் வந்த பிறகு வந்த டிசம்பர்தான்.

அப்புறம், தாளில் இல்லாத ஒன்று. இந்த வருடம் ஜூலை 15 வரை வேலை பார்த்த நாளுக்கும் லீவு உண்டு. வேலையை விட்டுப் போகிறவருக்கு 180 நாள் நிரம்பாவிட்டாலும் அதே விகிதத்தில் சம்பளம் தர வேண்டும். 152 நாள் வருகை என்றால் 7.6, அதாவது 8.

38-உம் 14-உம் 52, அதில் 7 போனால் 45, இந்த 8 சேர்ந்தால் 53 நாள்.

நோட்டீஸ் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. எடுக்காத லீவை நோட்டீஸ் காலத்தில் சேர்க்கக் கூடாது என்று பழைய சட்டம் சொன்னது கம்பெனி ஆளை நீக்கும்போதுதான், நீங்களோ தானாக விலகுகிறீர்கள். ஆனால் விலகுகிறவருக்கு மிச்ச லீவுக்குப் பணம் என்பதுதான் சட்டம், நோட்டீஸ் காலம் முழுக்க நீங்கள் மெஷினில் நின்று வேலையும் பார்த்திருக்கிறீர்கள், பிறகு எதைச் சரிக்கட்டுவது? நீங்களே சம்மதித்து எழுதிக் கொடுத்தால் கதை வேறு, அதனால்தான் அந்தக் கையெழுத்துக்கு இவ்வளவு அவசரம்.

ஒரு நாள் சம்பளத்தை எதை வைத்துப் போடுகிறார்கள் என்றும் பாருங்கள். மொத்தம் 22,000 கொடுத்துவிட்டு பேசிக் 8,000-ஐ மட்டும் வைத்துக் கணக்கு போடும் பழக்கம் இனி செல்லாது, அலவன்ஸ்கள் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியமாகவே கருதப்படும், ஆகக் குறைந்தது 11,000.

இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, லீவு புத்தக நகலையும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து, டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். ரிலீவ் ஆன பிறகு இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் பணம் வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தத் தபால் ரசீதோடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையின் கோவை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இதற்குள் ‘முழு செட்டில்மென்ட் பெற்றுக்கொண்டேன்’ என்று எந்தத் தாள் வந்தாலும், ‘லீவு பாக்கி குறித்த ஆட்சேபனையுடன்’ என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.