மாமியின் பவுணும் புதையல் பவுணும்

வாசகர் கேள்வி – பதில்
(வங்கியொன்றின் நகை அடகுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் தருகிறார்)

கேள்வி: மாமி தன் தாலிக்கொடியில் இருந்து கழற்றிய இரண்டு பிரித்தானியப் பவுண் காசை என் மகளுக்குத் தந்திருக்கிறார். ஒன்று மஞ்சள், மற்றது கொஞ்சம் சிவப்பு. காந்தம் ஒட்டவில்லை. ஆனாலும் சிவப்பில் எனக்குச் சந்தேகம். – கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: சிவப்பை விடுங்கள் அம்மா. பிரித்தானியப் பவுண் 22 கரட். அதில் கலப்பது பெரும்பாலும் செம்பு, அதனால் சிவந்துதான் இருக்கும். காந்தத்தையும் நம்பாதீர்கள். அது இரும்பு, நிக்கல் போன்ற சிலவற்றைத்தான் பிடிக்கும். பித்தளையும் ஈயமும் நல்ல பிள்ளை மாதிரிச் சும்மா இருக்கும்.

அடகுப் பிரிவில் நாங்கள் உரைகல்லில் உரைத்து அமிலம் விடுவோம். அதில் தெரிவது மேல்தோல் மட்டும். தடிப்பாகப் பூச்சுப் போட்டால் கல்லும் ஏமாறும். எடையையும் அளவையும் சேர்த்து ஏமாற்றுவதுதான் கஷ்டம். முழுப் பவுண் 7.99 கிராம், விட்டம் 22 மில்லிமீற்றர், தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றர். தேய்ந்ததென்றாலும் 7.94க்குக் கீழே போனால் யோசிக்க வேண்டும். மட்டமான உலோகத்தில் எடையைச் சரிக்கட்டினால் காசு தடிக்கும் அல்லது அகலும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் பாதித் தண்ணீரோடு ஒரு கிளாஸை வைத்து, தராசைப் பூச்சியமாக்குங்கள். பவுணைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். காசில் ஒட்டிய குமிழியை நூலை ஆட்டி உதறிவிட வேண்டும். நல்ல பவுண் என்றால் தராசு 0.45 அல்லது 0.46 காட்டும். அதே எடையில் வெள்ளி என்றால் 0.76, பித்தளை என்றால் 0.9க்கு மேல். தாலிக்கொடியில் கிடந்த பவுணில் வளையம் ஒட்டியிருக்கும், எடை கூடிவிடும். அப்போது மொத்த எடையைத் தண்ணீரில் காட்டிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். 17க்கும் 18க்கும் இடையில் வர வேண்டும்.

பிறகு ஒரு பூதக்கண்ணாடி. குதிரைவீரன் பறவைநாகத்தைக் குத்தும் பக்கத்தில், ஆண்டுக்கு வலப்புறம் ஓரமாக, B, P என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் எறும்புத் தலையளவில் இருக்கும். அந்தப் படத்தைச் செதுக்கிய பிஸ்ட்ரூச்சியின் முதலெழுத்துகள் அவை. வார்த்தெடுத்த போலியில் அந்த இடம் உருகிய மெழுகுபோல் மழுங்கிக் கிடக்கும். கழுத்தில் கிடந்து தேய்ந்ததிலும் மறையும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

ஆண்டும் காட்டிக்கொடுக்கும். பிரித்தானிய அரசர் ஆறாம் ஜோர்ஜின் தலையோடு 1937இல் மட்டுமே, அதுவும் சேகரிப்பாளர்களுக்காகக் கொஞ்சம்தான், பவுண் அடித்தார்கள். அவர் தலையோடு 1945 என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு எழும்பி வாருங்கள். அதற்காகப் போலி எல்லாம் பித்தளை என்றும் இல்லை. 1950கள், 60களில் பெய்ரூத் பக்கம் நல்ல பொன்னிலேயே கள்ளப் பவுண் அடித்திருக்கிறார்கள்.

கேள்வி: தெரிந்த ஒருவர் மூலம் ஓர் ஆள் வந்தார். அநுராதபுரம் பக்கம் அத்திவாரம் வெட்டும்போது பானை நிறையப் பொற்காசு வந்ததாம். பரிசோதிக்க ஒன்று தந்தார். செட்டியார் தெரு நகைக்கடையில் காட்டினேன், நல்ல தங்கம் என்கிறார்கள். பாதி விலை, காசாகத் தர வேண்டுமாம். – தெஹிவளை வாசகர்

பதில்: தந்த ஒன்று நல்லதாகத்தான் இருக்கும். தூண்டிலில் மண்புழு உண்மையானதுதானே. மிச்சப் பானை பித்தளை. பாதி விலைக்கு விற்க அவருக்கு என்ன தலையெழுத்து? செட்டியார் தெருவில் அதே காசை அன்றைய விலைக்கே எடுப்பார்களே.

ஒரு பேச்சுக்கு, பானை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தோண்டியெடுத்த பழங்காசு தொல்பொருள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அதை ஒளித்து விற்பதும் வாங்குவதும் வழக்கில்தான் போய் முடியும். போலி என்றால் பணம் போகும், அசல் என்றால் நீங்களே உள்ளே போவீர்கள். அந்த ஆளை இனி வீட்டுக்கு எடுக்க வேண்டாம். பணத்தோடு தனியாக எங்காவது வரச் சொன்னால் போகவே வேண்டாம், பொலிஸில் சொல்லுங்கள்.

கேள்வி: கடித்துப் பார்த்தால் தெரியுமா? – மட்டக்குளி வாசகர்

பதில்: ஈயத்திலும் பல் பதியும். பல் வைத்தியருக்குத்தான் இலாபம்.

கேள்வி: பேரப்பிள்ளைக்குக் கடையில் புதுக் காசு வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க? – வெள்ளவத்தை வாசகி

பதில்: முதலில் 22ஆ 24ஆ என்று கேளுங்கள். இரண்டுக்கும் அன்றைய விலை வேறு. 22 கரட் காசைக் கையில் தந்து 24இன் விலையைப் போடும் விளையாட்டு நடக்கும். எங்கள் கணக்கில் பவுண் 8 கிராம், கடைக்காரர் எத்தனை கிராமுக்கு விலை சொல்கிறார் என்பதையும் பாருங்கள். காசுக்குச் சேதாரம் என்று பெரிய தொகை போட்டால் அடுத்த கடைக்கு நடங்கள். "நாளைக்கு இதையே கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்று வாங்க முன்னரே கேட்டுவிடுங்கள். முகம் மாறுகிறதா பாருங்கள். இலக்கம் போட்டு அட்டையில் அடைத்து வரும் காசைப் பிள்ளைக்குக் காட்டவென்று பிரிக்க வேண்டாம். பற்றுச்சீட்டில் வெறுமனே "தங்கக் காசு 1" என்று எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, எடை, கரட், அட்டை இலக்கம், அன்றைய விலை எல்லாம் எழுதிக் கையொப்பத்தோடு வாங்குங்கள்.