உதவியாளராகவா, சிகிச்சையாளராகவா?

அன்புள்ள அக்கா,

திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். பிபிடி முடித்து 3 வருடமாக ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் 'தெரபி அசிஸ்டன்ட்' வேலை இருப்பதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். 3 லட்சம் கேட்கிறார். "முதல்ல உள்ளே போயிடுங்க, ஆறு மாசத்துல தெரபிஸ்ட்டா மாத்திடலாம்" என்கிறார். அப்பா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். வரலாமா?

மு.

அன்புள்ள மு.,

நகை வீட்டிலேயே இருக்கட்டும். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான்கு வருடங்களுக்கு முன், இங்கே சிங்கப்பூரில், என் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. சிகிச்சைக்குப் பின் தேறிவரும்வரை தங்கும் சமூக மருத்துவமனையில் அவரை நடக்கப் பழக்கியவர் மதுரைப் பக்கத்துப் பெண். முதல் நாள் அம்மா எழவே மாட்டேன் என்றார். அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. "லிஃப்ட்ல இருந்து வீட்டு வாசலுக்குப் படி இருக்காம்மா?" என்று கேட்டார். இருந்தது. எங்கள் பழைய வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. 8 படி இறங்க வேண்டும். மறுநாளிலிருந்து அந்த 8 படிதான் பயிற்சி. பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டியிடம் "சாக்கிட்?" என்று மலாயில் வலியை விசாரிப்பார். அந்தத் தலைமுறையில் பலருக்குச் சந்தை மலாய் தெரியும்.

படியைப் பற்றிக் கேட்டு, எதுவரை கொண்டுபோகலாம் என்று தீர்மானித்தவர் தெரபிஸ்ட். அவர் எழுதிக்கொடுத்ததைக் கூட இருந்து செய்யவைத்தவர் அசிஸ்டன்ட். அந்தத் தம்பியை அம்மா இன்றும் விசாரிப்பார், அவர் வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நான்கரை வருடம் படித்தது தீர்மானிப்பதற்கு.

இங்கே பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே பதிவு வேண்டும். 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சில்தான் அதைத் தருகிறது. வெளிநாட்டில் படித்தவர்கள் வழக்கமாக நிபந்தனைப் பதிவில் தொடங்கி, முழுப் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறார்கள். தகுதித் தேர்வும் எழுத வேண்டியிருக்கலாம். உங்களைத் தெரபிஸ்ட்டாகவே எடுக்கும் நிறுவனம் முதலில் கிடைக்க வேண்டும். இதில் எதையும் ஏஜென்ட் 'மாற்றித்தர' முடியாது. வேலை பாஸும் எடுத்த முதலாளியோடு கட்டுண்டது. வேறு இடத்துக்குப் போனால் புது விண்ணப்பம்.

இங்கே உரிமம் பெற்ற ஏஜென்சி வேலைக்கு வருபவரிடம் அதிகபட்சம் 2 மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். உரிமம் உண்டா என்று மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கிளினிக் வேலையை விடாதீர்கள். பக்கவாதம், இடுப்பு அறுவை சிகிச்சை என்று வரும் முதியவர்களை அதிகம் பாருங்கள். இங்கே சமூக மருத்துவமனைகளில் அவர்கள்தான் அதிகம். வேலை அறிவிப்புகளுக்கு நீங்களே நேராக விண்ணப்பியுங்கள்.

ஏஜென்ட் ஏதாவது கடிதம் கொடுத்திருக்கிறாரா? அதில் பதவி, சம்பளம், நிறுவனம் என்ன என்று எழுதியிருக்கிறது? கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா