ஞாயிற்றுக்கிழமையை அவளிடமே விட்டுவிடுங்கள்

அன்புள்ள அக்கா,

நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகள் ஏ லெவல் படிக்கும் சிக்ஸ்த் ஃபோர்மில் முதல் வருடம், இயர் 12. உயிரியல், இரசாயனம், கணிதம் எடுத்திருக்கிறாள், மருத்துவம் படிக்க விருப்பம். ஆனால் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறாள், ஞாயிறு முதியோர் இல்லத்தில் நிற்கிறாள். இ.பி.கியூ. என்று ஒரு கட்டுரை வேறு. இப்போது டியூக் ஒஃப் எடின்பரோ கோல்ட் என்று ஒரு இளைஞர் விருதுக்காக மூன்று இரவு மலையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டுமாம். நான் யாழ்ப்பாணத்தில் ஏ/எல் படித்தபோது வீடும் ரியூசனும் தவிர வேறு ஒன்றும் கிடையாது. நிறுத்தச் சொன்னால், “யூனிக்கு இதெல்லாம் வேண்டும் அப்பா” என்கிறாள். உண்மையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

மகள் சொல்வது பாதி உண்மை. மருத்துவத்துக்குப் பெரும்பாலும் மூன்று ஏ கேட்பார்கள், யூகேட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சையும் இருக்கிறது. ஆகஸ்டில் பெறுபேறு வரும்போது இரசாயனத்தில் சி என்று இருந்தால் எத்தனை ஞாயிறு முதியோர் இல்லத்தில் நின்றாள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் உங்கள் பயம் பிழை இல்லை.

ஆனாலும் நிறுத்தாதீர்கள்.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு போன வருடம் இயர் 12 பையன் ஒருவன் உதவிக்கு வந்தான். அவனிடம் எட்டுப் பிள்ளைகள், எல்லோருக்கும் ஆறு ஏழு வயது. வாழைப்பழம் ஒருவர் வாயிலும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வீட்டிலிருந்து கைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, நாக்கு எங்கே மடிகிறது என்று ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கச் சொன்னான். ஒரு சின்னவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க மங்கச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தெரிந்தது, அவனுக்கே ழ வராதாம். அந்த வாரம் முழுக்க அம்மாவை இருத்தி வைத்துப் பழகியிருக்கிறான். தான் ஆயத்தமில்லாமல் போனால் எட்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள் என்ற அந்தக் கவலை அவனுக்கு எந்தப் பாடத்திலிருந்து வந்திருக்கும்? நாங்கள் பதினேழு வயதில் எங்கள் பரீட்சைக்கு மட்டும்தான் கவலைப்பட்டோம், ஊர் நிலைமை அப்படி, ஒரு புள்ளியில் பல்கலைக்கழகமே தவறிப்போகும். அந்தப் பயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பிள்ளைகளின் தலையில் வைக்கிறோமோ என்று எனக்குப் பல நாள் மனம் அடித்துக்கொள்ளும்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். கோல்டுக்கு ஒரு வருடத் தொண்டு வேண்டும், வாரத்துக்குச் சராசரி ஒரு மணி நேரம். தமிழ்ப் பள்ளியையோ முதியோர் இல்லத்தையோ அதற்கே காட்டலாம், புதிதாக ஒன்று தேட வேண்டாம். இன்னொன்று, கோல்டை 25ஆவது பிறந்தநாளுக்கு முன் முடித்தால் போதும். இயர் 13இல் நெருக்கடி வந்தால் மிச்சத்தைப் பல்கலைக்கழகம் போய்ச் செய்யட்டும். மருத்துவத்துக்கு யூகாஸ் என்ற பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பம் அக்டோபர் 15இல் மூடிவிடும், யூகேட்டையும் அதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஆகவே ஓகஸ்டிலிருந்து அக்டோபர் நடுவரை அவளுக்கு வேறு பாரம் வேண்டாம்.

ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால் இ.பி.கியூ.வை விடச் சொல்லுவேன். நல்ல விஷயம்தான், தானே ஒரு கேள்வியை எடுத்து ஐயாயிரம் சொல் எழுதி, சபை முன் நின்று விளக்க வேண்டும், அரை ஏ லெவலுக்குச் சமம். ஆனால் அவள் இரசாயனத்தில் தடுமாறினால் அந்த மணித்தியாலங்கள் இரசாயனத்துக்குத்தான் போக வேண்டும்.

முதியோர் இல்லத்தை மட்டும் தொடாதீர்கள். யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து சுயவிளக்கம் மூன்று கேள்வியாக வருகிறது, மூன்றாவது கேள்வியே படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது எப்படி உதவும் என்பதுதான். மூன்றுக்கும் சேர்த்து 4000 எழுத்துக்குறிதான், பத்துச் சான்றிதழை அடுக்க இடமில்லை. ஒரு வருடம் ஒரே இடத்துக்குப் போன பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கும். மருத்துவமனையில் டாக்டருக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, முதியோருக்குத் தேநீர் கொடுத்துக் கதை கேட்டதும் அனுபவமாகவே கணக்காகும். மருத்துவமனை அனுபவம் வாங்கித் தருகிறோம் என்று நூற்றுக்கணக்கான பவுண்ட் கேட்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். அரச பள்ளிப் பிள்ளை என்றால் சட்டன் ட்ரஸ்ட் என்ற தொண்டு நிறுவனத்தின் கோடைப் பள்ளி இயர் 12க்கு இலவசமாகவே இருக்கிறது, தகுதி பார்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மலையைப் பற்றியும் கேட்டீர்கள். ஆசிரியர் கூடவே நடக்கமாட்டார், தூர நின்று கவனிப்பார்கள், வரைபடம் பார்த்துப் பிள்ளைகள்தான் வழி பிடிக்க வேண்டும். யார் எங்கே தூங்குவார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பெற்றோர் கூட்டத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். சப்பாத்தை இப்போதே வாங்கிக் கொடுத்து வீட்டுக்குள் போட்டு நடக்கச் சொல்லுங்கள். என் மகன் புதுச் சப்பாத்தோடு போய், இரண்டாம் நாளே குதிக்கால் உரிந்து, மிச்ச இரண்டு நாளும் நொண்டி நொண்டித்தான் நடந்தான்.

அன்புடன்,
அக்கா