பிரசங்கம் முடியும்வரை மூடியிருக்கும் பாத்திரங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். எங்களுடையது வள்ளலார் வழியில் நிற்கும் குடும்பம். தைப்பூசத்துக்கு வடலூர் சென்று, அங்கே பந்தியில் பரிமாறி வளர்ந்தவன் நான். அலுவலக நண்பர் ஒருவர் அழைத்ததால், அவருடைய திருச்சபை ஸ்கிட் ரோ பகுதியில் வீடற்றவர்களுக்காகச் சனிக்கிழமை மாலைகளில் நடத்தும் தெரு ஊழியத்தில் சில மாதங்களாகக் கலந்துகொள்கிறேன். சோறும் பீன்ஸும் கோழிக்கறியும் சுடச்சுடக் கொண்டுபோகிறோம். ஆனால் பாடலும் சாட்சியும் பிரசங்கமும் முடிந்து, போதகர் ஜெபித்த பிறகே பாத்திரங்களைத் திறக்கிறார்கள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது. அதுவரை மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். இது எனக்கு உறுத்துகிறது.

ஊரிலிருக்கும் உறவினர்களோ, 'சோற்றைக் காட்டி மதம் மாற்றுபவர்களுக்குக் கையாளாகிவிட்டாய்' என்கிறார்கள். என்னால் அதையும் ஏற்க முடியவில்லை. மழையானாலும் தவறாமல் வரும் இந்த மனிதர்களின் அன்பு பொய்யானது அன்று. மேலும், தட்டை வாங்கிக்கொள்ளும் சிலர் என் கையைப் பிடித்துத் தங்களுக்காக ஜெபிக்கும்படி கேட்கிறார்கள், நான் திகைத்துப்போகிறேன். இந்த ஊழியத்தில் நான் தொடர்வதா, விலகுவதா?

க.,
லாஸ் ஏஞ்சலஸ்.

அன்புள்ள க.,

உங்கள் உறவினர்களின் குற்றச்சாட்டை முதலில் ஒதுக்கிவிடலாம், ஏனெனில் அது நம்மூர்ச் சண்டை. ஸ்கிட் ரோவுக்கு அது பொருந்தாது. அங்கே வரிசையில் நிற்பவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு அந்நகர மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடப் பன்மடங்கு அதிகம். அவர்களில் பலர் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். பிரசங்கியார் வசனத்தைத் தொடங்கினால் முடித்துவைக்கக் கூடியவர்கள். அவர்களிடம் போதகர் எதிர்பார்ப்பது மதமாற்றத்தை அன்று, மனந்திரும்புதலை. குடியிலிருந்தும் போதையிலிருந்தும் ஒருவன் எழுந்து வர வேண்டும் என்பதே அந்த மரபின் ஆசை. சிங் சிங் சிறையிலிருந்து வெளிவந்த திருடரான ஜெர்ரி மெக்காலே, தம் மனைவி மரியாவுடன் 1872இல் நியூயார்க்கின் வாட்டர் தெருவில் தொடங்கிய இல்லத்திலிருந்து கிளைத்த மரபு அது. தானே அந்தச் சாக்கடையில் கிடந்து மீண்டவர் எழுந்து நின்று சாட்சி சொல்வது அதன் உயிர்நாடி. அதைக் கேட்டு உண்மையிலேயே வாழ்வு திரும்பியவர்கள் இருக்கிறார்கள், ஆகவே பிரசங்கத்தை வெறும் தொல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் உறுத்தல் பிரசங்கத்தைப் பற்றியது அன்று, வரிசையைப் பற்றியது. அதில் நீங்கள் சொல்வது சரி.

வீடற்ற ஒருவருக்கு வேலை இல்லாததால் நேரம் ஏராளமாக இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் தெருவில் வாழ்பவரின் நாள் முழுவதும் வரிசைகளாலானது: குளியலுக்கு ஒரு வரிசை, கழிப்பறைக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று, இரவுப் படுக்கைக்கு ஒன்று. ஒரு வரிசையில் தாமதமானால் அடுத்த வரிசையில் இடம் போய்விடும். அவருடைய கூடாரமும் போர்வையும் அடையாள அட்டையும் இரண்டு தெரு தள்ளி யாருடைய காவலும் இல்லாமல் கிடக்கலாம். திரும்பிப் போகும்போது அவை அங்கே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. முக்கால் மணி நேரம் நிற்பது வீங்கிய கால்களுக்கும் புண்பட்ட பாதங்களுக்கும் என்ன செய்யும் என்பதைக் காலுறை விநியோகிக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். மனநோயின் குரல்களோடு போராடிக்கொண்டிருப்பவருக்கு ஒலிபெருக்கியின் முன் நிற்பதே வதை. அவர் வரிசையை விட்டு விலகுவார், அன்று பட்டினி கிடப்பார். ஆக, உங்கள் சபையார் இலவசமாகக் கொடுப்பதாக நம்பும் உணவுக்கு ஒரு விலை இருக்கிறது. அதைச் செலுத்த மிகவும் இயலாதவரே முதலில் விலகிப் போகிறார்.

இதை மாற்ற முடியும் என்பதற்குச் சான்று தேடி நீங்கள் தொலைவாகப் போக வேண்டியதில்லை. 1891இல் தொடங்கப்பட்ட யூனியன் ரெஸ்கியூ மிஷன் என்ற கிறிஸ்தவ இல்லம் இருக்கும் அதே சான் பெட்ரோ தெருவில்தான், வீடற்றவர்களுக்கு உணவளிக்கும் மிட்நைட் மிஷனும் இருக்கிறது. 1914இல் அது தொடங்கியபோது ஆராதனை முடிந்து நள்ளிரவில்தான் சாப்பாடு போட்டார்கள். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான். காலப்போக்கில் அது சமயச் சார்பற்ற நிறுவனமாகிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அங்கிருந்து சிறிது தூரத்தில், ஆறாவது தெருவில், 'ஹிப்பி கிச்சன்' என்று எல்லாரும் அழைக்கும் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தின் சமையற்கூடம் இருக்கிறது. டாரத்தி டேயும் பீட்டர் மாரினும் 1933இல் நியூயார்க்கில் தொடங்கிய இயக்கத்தின் கிளை அது. லாஸ் ஏஞ்சலஸில் 1970 முதல் இயங்குகிறது. அதை நடத்துபவர்கள் உங்கள் போதகருக்குச் சற்றும் குறையாத விசுவாசிகள். ஆனால் அங்கே பிரசங்கம் கேட்டால்தான் தட்டு என்ற பேச்சே கிடையாது. பசித்தவனுக்கு உணவிடுவதே அவர்களுக்கு வழிபாடு. அதன் முன்னால் இன்னொரு வழிபாட்டை நிறுத்த வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

நிபந்தனை ஒரு சபையின் வாசலோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில், 2007இல், ஒருவர் கிறிஸ்தவ விடுதி ஒன்றில் தங்கியிருந்தார். இரவு உணவுக்கு முன் ஆராதனையில் அமர வேண்டும் என்பது அங்கே விதி. பதினேழு நாள் தங்கிய பின், அவ்விடுதியின் சீடத்துவப் பயிற்சியில் சேரத் தம் மத நம்பிக்கை இடம் தராததால் அவர் மறுத்தார். வெளியேறிய பிறகு முப்பது நாள் திரும்பி வர முடியாது என்பது இன்னொரு விதி. ஆகவே வெளியில் படுத்தார்; அதற்காக நகர நிர்வாகம் அவர் மீது வழக்குப் பதிந்து 25 டாலர் அபராதம் விதித்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தண்டனையைக் காட்டி ஒருவரை மதச் சார்புள்ள பயிற்சிக்குள் தள்ள நகரத்துக்கு உரிமையில்லை என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு தந்த பாதுகாப்பும் நிலைக்கவில்லை. ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், 2024 ஜூனில், வெளியில் படுப்பவர்களைத் தண்டிக்க நகரங்களுக்குத் தடையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஊரிலும் வீடற்ற பெரியவர்களுக்கென இருந்த தங்குமிடம் ஆராதனையைக் கட்டாயமாக்கிய ஒரு மிஷன்தான். பிரசங்கியார் தம் விதியை அன்பினால் வகுத்திருக்கலாம். அந்த விதிக்கு உட்பட முடியாதவனைப் பிடிக்கச் சட்டம் வெளியே காத்துக்கொண்டு நிற்கிறது.

உங்கள் மரபையும் கொஞ்சம் பார்ப்போம். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கியபோது, லண்டனின் கிழக்குப் பகுதியில் வில்லியம் பூத் தம் ஊழியத்தைத் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னாளில் இரட்சணிய சேனையாக (சால்வேஷன் ஆர்மி) வளர்ந்தது அதுதான். வள்ளலாரிடம் எந்த வரம்பும் இல்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், அது சரியன்று. உயிர்க்கொலை செய்பவர்களையும் புலால் உண்பவர்களையும் அவர் ஒரு பாட்டில் புறவினத்தார் என்று தெளிவாகவே பிரித்தார். ஆனால் அதே பாட்டில், அவர்களுக்கும் பசி தவிர்த்தல் மட்டும் செய்யச் சொல்கிறார். அவர்கள் சன்மார்க்கத்துக்கு வரும்வரை நற்பண்புகளை எடுத்துரைக்கக்கூட வேண்டாம் என்கிறார். நெறிக்கு வரம்பு உண்டு, சோற்றுக்கு இல்லை. (புறவினத்தாருக்குக் கோழிக்கறியே பரிமாறும் உங்களைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காமலிருப்பது நல்லது.)

உங்கள் போதகரிடம் வடலூரைச் சொல்லிப் பயனில்லை. அவருடைய நூலிலிருந்தே பேசுங்கள். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் இயேசு முதலில் உபதேசித்து, பிறகே ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தார் என்று அவர் காட்டக்கூடும். அந்தக் கூட்டம் உபதேசத்தை நாடி ஓடி வந்த கூட்டம், அப்பத்தின் பொருட்டு நிறுத்திவைக்கப்பட்ட கூட்டம் அன்று. பொழுது சாய்ந்தபோது அவர்களை அனுப்பிவிடச் சொன்னவர்கள் சீடர்கள்தான். அதைவிட வலுவானது யோவான் இருபத்தொன்றாம் அதிகாரம். தம்மை மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் இயேசுவுக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது. இருந்தும் கரையில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்றுதான் தொடங்குகிறார். அவர்கள் போஜனம்பண்ணின பின்பே பேதுருவிடம் கேள்வி கேட்கிறார். மனந்திரும்புதல் பற்றிய அந்த உரையாடலே சாப்பாட்டுக்குப் பின்னால்தான் நிகழ்கிறது என்பதை உங்கள் போதகர் மறுக்க இயலாது.

ஜெபம் கேட்பவர்களைப் பற்றி: நம்பாத சொற்களை நடிக்காதீர்கள், தெருவில் வாழ்பவர்கள் நடிப்பை நொடியில் கண்டுகொள்வார்கள். நான் உங்கள் மதத்தவன் அல்லன், உங்களுக்காக என் வழியில் வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். சபையாரில் ஒருவரை அழைத்துவிட்டு, அவர் ஜெபிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு அடுத்த வாரம் பெயர் சொல்லி அழைத்தீர்களானால், அவர் உங்களிடம் கேட்டதில் பாதியையாவது கொடுத்தவராவீர்கள்.

எனவே இப்போது விலகாதீர்கள். பாத்திரங்களை வந்தவுடன் திறந்துவிட்டு, பாடலும் சாட்சியும் பக்கத்திலேயே நடக்கட்டும், விரும்புகிறவர்கள் தட்டோடு போய் உட்காரட்டும் என்று போதகரிடம் கேளுங்கள். மேடையை நிறுத்தச் சொல்லவில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சினால், அப்படிக் குறைகிறவர்கள் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தார்களா என்று பணிவாகக் கேட்டுவிடலாம். அதன் பிறகும் அவர் மறுத்தால், நட்பு முறியாமல் விடைபெறுங்கள். ஆறாவது தெருச் சமையற்கூடத்தில் வெங்காயம் நறுக்க ஆள் வேண்டுமா என்று விசாரித்துப் பாருங்கள்.

அன்புடன்.