கவிதை நாடகமும் யாப்பும்

கேள்வி: விசாரிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட சூஃபி ஞானி ஹல்லாஜைப் பற்றி எகிப்தியக் கவிஞர் ஸலாஹ் அப்துஸ் ஸபூர் எழுதிய ‘ஹல்லாஜின் துயரம்’ நாடகத்தைக் கல்லூரி மேடைக்காகத் தமிழாக்குகிறோம். ஆசிரியப்பாவிலேயே (பெரும்பாலும் அடிக்கு நான்கு சீர் வரும் அகவல்) எழுதலாமா?

பதில்: முழுக்க வேண்டாம். 1960களில் வந்த மூல நாடகம் பழைய அரபு யாப்பின் சம அடிகளை விட்டுவிட்டது. சீர் அப்படியே இருக்கும். அடிக்கு எத்தனை சீர் என்பது மட்டும் மாறும். தமிழில் இதற்குப் பக்கத்தில் வருவது, அகவல் ஓசைக்குரிய ஈரசைச் சீர்களை வைத்துக்கொண்டு அடியை இரண்டு முதல் ஐந்து சீர் வரை நீட்டிச் சுருக்குவதுதான். அடிதோறும் எதுகை போட்டால் விசாரணைக் காட்சி கச்சேரி ஆகிவிடும். நீதிபதியும் கைதியும் ஒரே குரலில் பேசுவார்கள். மோனை போதும், அதுவும் ஹல்லாஜுக்கு மட்டும். நீதிபதி இடைமறிக்கும்போது ஒரே அடியை இருவருக்கும் பிரித்துக் கொடுங்கள்: இரண்டு சீர் இவருக்கு, இரண்டு அவருக்கு. ஒரு மூச்சுக்கு மூன்று அடிக்கு மேல் போனால் நடிகர் திணறுவார், கடைசிச் சீர் கேட்காது.

நேரம் போதவில்லை என்று முதல் காட்சியை வெட்டிவிடாதீர்கள். பாக்தாத் சதுக்கத்தில் ஹல்லாஜின் உடல் தொங்குவதில்தான் நாடகம் தொடங்குகிறது (அவர் கொல்லப்பட்டது 922இல்). ‘பிழைப்பாரா’ என்பதல்ல, ‘யார் கொன்றது’ என்பதே இங்கே கேள்வி. கூலி வாங்கிக்கொண்டு ‘கொல்லுங்கள்’ என்று கூவிய கூட்டமும் அதற்குப் பதில் சொல்கிறது.